நடுவிலாளை மலைக்குக் கூட்டிப்போனது

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே வீட்டைப் பற்றிய கதை தொடங்கிவிடும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணுக்கென்று ஒரு வீடு இல்லையென்றால் அவளைக் கேட்டு ஆள் வராது. ஒரே ஒரு பெண் என்றால் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு குடில் போட்டு ஒதுங்கலாம். எனக்கு மூன்று பெண்கள். வீடு ஒன்று. அந்த ஒன்றையும் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி தின்றுவிட்டது.

இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. அன்றைக்கும் நான் யாரிடமும் கேட்கவில்லை. மாவடிப்பள்ளியில் எங்கள் குடி மதிப்பான குடி. கூரை பறந்து, தெற்குப் பக்கச் சுவர் முழுதாக விழுந்து கிடந்த நேரத்திலும் நிவாரணச் சாமான் கொடுக்கிற வரிசையில் நான் போய் நிற்கவில்லை. ஊரில் தென்னையெல்லாம் சாய்ந்து போனதால் வேய்வதற்குக் கிடுகுக்கும் பஞ்சம். சூடு அடிக்கும்போது நெல் சிந்தாமல் கீழே விரிக்கிற பெரிய படங்கு ஒன்று எங்களிடம் இருந்தது. அதை மிஞ்சின சுவர்களுக்கு மேலே இழுத்துக் கட்டி, அதற்குள் அந்த மாரியை ஓட்டினோம்.

பிள்ளைகளின் வாப்பா உழவு மிசின் ஓட்டினார். மிசின் அவருடையதல்ல, காணிக்காரப் போடியாருடையது. என் புருஷனுடைய மூத்த சகோதரி கல்முனைக்குடியில் இருந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். மதினியின் புருஷனுக்குப் பிடவைக் கடை. ஓடு போட்ட கல் வீடு, முன்னால் சுற்றுமதில், பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு. சூறாவளி அந்த வீட்டில் சில ஓடுகளைத்தான் தூக்கியது. எல்லாம் இருந்தது. பிள்ளைதான் இல்லை.

மாரி முடிந்த ஒரு பின்னேரம் மதினி பாணும் சீனியும் வாங்கிக்கொண்டு வந்தார். படங்குக்குக் கீழே பாயில் இருந்து கண்ணைச் சுற்றி ஓட்டினார்.

"என்ன கா, இந்தப் படங்குக்குள்ள எத்தின காலத்துக்குக் கிடக்கப் போறாய்?"

"மானம் மறையுது மதினி. அது காணும்."

"மானம் மறையும். மாப்புள வருவானா? மூணு பொம்புளப் புள்ள. உழுந்து கிடக்கிற செவரயா மூணாப் பங்கு வெச்சிக் குடுக்கப் போறாய்?"

தேயிலை ஊற்றிக்கொண்டு வந்து வைத்தேன். மதினி அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"என்ட வீட்டுக்கு ஒரு மகள் வேணும் புள்ள. நான் மௌத்தாப் போனா அந்தக் கதவத் திறக்க ஆள் இல்ல. நடுவிலாள எனக்குத் தா. வீடும் வளவும் அவட பேருக்குத்தான். பெத்த புள்ளையப் போல வெச்சிருப்பன்."

நடுவிலாளைத்தான் கேட்பார் என்று எனக்கு முன்பே தெரியும். மூத்தவள் எனக்குக் கையாள், சட்டி பானை கழுவுகிற வயது வந்துவிட்டது. சின்னவள் பால் குடிக்கிறவள். நடுவிலாளுக்கு நாலு வயது. சொந்தத்துக்குள் பிள்ளை கொடுத்து வாங்குவது எங்களுக்குள் புதினமான காரியமும் அல்ல. ஆனாலும் அவர் கேட்ட விதத்தில், சுவரைப் பற்றிச் சொன்ன விதத்தில், எனக்குள் எதுவோ நிமிர்ந்து நின்றது.

"புள்ள என்ன பூனக்குட்டியா மதினி, சாக்குல போட்டுத் தர? அவட மனசு வரணும்."

"நாலு வயசுப் புள்ளைக்கு என்ன மனசு?"

"இரிக்கி."

காட்டுக்குள்ளே, மலையடியில், ஒரு பெரியவர் அடங்கிய சியாறம் உண்டு. பிள்ளை இல்லாத பெண்கள் அங்கே போய் மரத்தில் துணித்தொட்டில் கட்டி நேத்தி வைப்பார்கள். பிள்ளை கிடைத்தால் அந்தப் பிள்ளையை அதே மரத்தில் தொட்டிலில் போட்டு ஆட்டி, வந்த சனத்துக்குக் கந்தூரிச் சோறு கொடுக்க வேண்டும். மதினி பல வருடங்களுக்கு முன்னால் அங்கே தொட்டில் கட்டியவர். அது எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன்:

"வெள்ளாமை வெட்டி முடியட்டும். எல்லாருமா மலைக்குப் போவம். அங்க கிடக்கிற நாளெல்லாம் நடுவிலாள் உங்களோட. நான் தூக்க மாட்டன், ஊட்ட மாட்டன். காடுதானே, எங்கயாவது பயப்படுவா. பயந்தா யாரத் தேடி ஓடுறா எண்டு பாப்பம். உங்களத் தேடினா உங்கட மகள். என்னத் தேடினா, அதுக்குப் பொறகு இந்தக் கதைய நீங்க எடுக்கக் கூடா."

மதினி தேயிலையைக் குடித்தார். "சரி கா," என்றார்.

எனக்கு அவ்வளவு உறுதி. நடுவிலாளின் ஒரு கை எப்போதும் என் சேலைத் தலைப்பில் இருக்கும். அடுப்படிக்குப் போனாலும் கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் வருவாள். அதிகம் கதைக்க மாட்டாள். ஒன்றைக் கேட்டால் ஒரு தரம்தான் கேட்பாள். "பொறு மகள், தங்கச்சி பால் குடிச்சி முடியட்டும்" என்றால் பொறுத்துக்கொண்டு நிற்பாள். அவள் பொறுக்கிறாள் என்பதற்காகவே அவளிடம் அதிகம் பொறு என்று சொல்லியிருக்கிறேன் போலும்.

பிள்ளைகளின் வாப்பாவுக்கு நான் வைத்த நிபந்தனை பிடிக்கவில்லை.

"நீ புள்ளைய வெச்சிப் பந்தயம் புடிச்சிருக்காய்."

"பந்தயமில்ல. உங்கட ராத்தாட முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்லவா?"

"சொல்லலாம்."

"அப்ப நீங்க சொல்லுங்களன்."

அவர் தலைப்பாகையைக் கழற்றி உதறினார். அவரும் விழுந்த சுவரைத்தான் பார்த்தார். நான் மட்டும் அதை நினைக்காமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஓட்டு வீட்டில் நடுவிலாள் நடந்து திரிகிற மாதிரி ஒன்றிரண்டு தரம் நினைத்துப் பார்த்தேன். நினைத்த உடனே அதை விரட்டினேன்.

வெள்ளாமை வெட்டி, சூடு அடித்து, நெல் ஏற்றி முடிந்த பிறகு போடியாரிடம் மிசினையும் அதன் பின்னால் கொழுவுகிற பெட்டியையும் கேட்டு எடுத்தோம். பெட்டியில் வைக்கோலை மெத்தையாகப் பரப்பினோம். அரிசி, தேங்காய், கருவாடு, சட்டி பானை, மதினியின் கந்தூரிக்குக் கால் கட்டின இரண்டு சேவல். காட்டில் தங்குவதற்கு மறைப்பு வேண்டுமே. வேறு என்ன இருக்கிறது? வீட்டின் மேலே கட்டியிருந்த படங்கைத்தான் அவிழ்த்தோம். வீட்டுக்குள் வெயில் வந்து விழுந்தது.

மூத்தவள் கை கொட்டிச் சிரித்தாள். "உம்மா, நம்மட வீடு பெட்டிக்குள்ள ஏறிட்டுது!"

"ஓம் மகள், எவனும் களவெடுக்க ஏலா, நாம கூடவே கொண்டு போறம்," என்றார் வாப்பா.

மதினி சுபஹு தொழுதுவிட்டு மூடுகாரில் வந்து இறங்கினார். கனத்த உடம்பு. பெட்டியில் ஏறுவதற்கு வாப்பா கீழே நெல்லு மூட்டை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

"தம்பி, என்னத் தூக்க உன்ட மிசினுக்குச் சத்து இரிக்கா?"

"நெல்லு மூட்டை ஏத்துற பெட்டிதானே ராத்தா."

"பாத்தியா கா உன்ட மாப்புளட வாய!"

எல்லாரும் சிரித்தோம். நடுவிலாளும் சிரித்தாள், ஒரு கையில் என் தலைப்பைப் பிடித்தபடி. நான் தலைப்பை மெதுவாக உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். "மாமிக்குப் பக்கத்துல இரி மகள்," என்றேன். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய் இருந்தாள்.

சம்மாந்துறை தாண்டி, அம்பாறை தாண்டி, குளக்கட்டு ஓரமாகப் போய், பிறகு காட்டுப் பாதை. வைக்கோலுக்குள் பிள்ளைகள் புதைந்து விளையாடினார்கள். மதினி தன் பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்: பிஸ்கட், தோடம்பழ இனிப்பு, பனங்கற்கண்டு. மூத்தவளுக்கும் சரிசமமாகத்தான் கொடுத்தார், அதை நான் மறைக்கக் கூடாது. மதினி கள்ள மனசுக்காரி இல்லை. நடுவிலாளின் கால் பெட்டியின் பலகையில் இடிபடாமல் தன் முந்தானையை மடித்து வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சின்னவள் என் மடியில் பால் குடித்தாள்.

ஆற்றோரத்தில் எங்களைப் போல வேறு ஊர்ச் சனமும் வண்டியிலும் மிசினிலும் வந்து கிடந்தார்கள். படங்கைப் பெட்டிக்கும் ஒரு மருத மரத்துக்கும் இடையே கட்டினோம். ஆற்றில் தண்ணீர் வற்றி மணலும் பாறையுமாகக் கிடந்தது. மணலைத் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் வரும். பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. தோண்டுவதும், ஊறி வருகிறதைப் பார்த்துக் கத்துவதும். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக் கருவாடு பொரித்தேன்.

"வாப்பா, யானைக்கு நம்மட சோறு மணக்குமா?" மூத்தவள் கேட்டாள்.

"உங்கட உம்மா கருவாடு பொரிச்சா இஞ்சால காட்டுல ஒரு யானையும் நிக்காது. எல்லாம் மொனராகலைக்கு ஓடிரும்."

"ஓடாம நிண்டா அது உங்கட வாப்பாவோட பொறந்ததாத்தான் இரிக்கும்," என்றேன்.

மதினி சிரித்துப் புரையேறினார். அப்படியும் நல்ல நேரங்கள் இருந்தன. இல்லையென்று சொன்னால் பொய்.

சோறு போட்டபோது நடுவிலாள் தன் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். கருவாட்டில் முள் எடுத்துத் தருவது நான்தான். "மாமிட்டக் குடு," என்றேன். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. சொன்ன சொல்லுக்கு நேராக நடக்க வேண்டுமே. பின்னால் ஒருத்தரும், பிள்ளையை உள்ளுக்குள் இழுத்துப் பிடித்தாள் என்று என்னைச் சொல்லக் கூடாது. அவள் திரும்பிப் போனாள். மதினி முள்ளை எடுத்து, எடுத்ததைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, உருட்டி உருட்டி ஊட்டினார். பிள்ளை ஊட்டிப் பழக்கமில்லாத கை. பயந்து பயந்து ஊட்டியது. நடுவிலாள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மாமியின் முகத்தையே பார்த்தாள். அவளுக்கென்று ஒருவர் இவ்வளவு நேரம் எடுப்பது அவளுக்குப் புதிதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் சியாறத்துக்கு நடந்தோம். அங்கே போவதற்கு வண்டிப் பாதை இல்லை. ஆறு மலையை அறுத்துக்கொண்டு வருகிற ஒரு இடம் உண்டு. இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். நடுவில் உருண்டைக் கற்களும் ஆங்காங்கே தேங்கின தண்ணீரும். எங்கள் சனம் அதை இடுக்கு என்பார்கள். வானம் மேலே ஒரு துணிக் கிழிசல் மாதிரித்தான் தெரியும். கதைத்தால் அந்தக் கதையைப் பாறை வாங்கித் திருப்பிச் சொல்லும். மூத்தவள் "மதினீ!" என்று கத்திப் பார்த்தாள், நான் கூப்பிடுகிற மாதிரியே. பாறையும் கூப்பிட்டது.

"அடியேய், உனக்கு நான் மாமி! பாறைக்கிட்டயும் பிழையாச் சொல்லிக் குடுக்காத," என்றார் மதினி, மூச்சு வாங்கிக்கொண்டு.

முன்னால் பிள்ளைகளின் வாப்பா, தலையில் சட்டி, கையில் சேவல்கள். நாங்கள் மெதுவாக வந்ததால் அவர் ஒரு வளைவு தாண்டிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நான். இடப்பக்க இடுப்பில் சின்னவள். வலக்கையில் மூத்தவள் தொங்கினாள், கல் வழுக்கியதால். எனக்குப் பின்னால் நடுவிலாள் தனியாக ஒவ்வொரு கல்லாகத் தாவி வந்தாள். அதுவரை மதினி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ஏற்றத்தில் அவருக்கு ஏலாமல் போய், கையை விட்டுவிட்டு ஒரு பாறையில் சாய்ந்து நின்றார்.

அந்த நேரம் மேலே காடு இடிந்த மாதிரி ஒரு சத்தம். மரை மான் ஒன்று எங்கள் மணத்துக்கு வெருண்டு பாறையின் விளிம்பில் ஓடியது. அதன் காலடியில் கற்கள் பெயர்ந்து இடுக்குக்குள் விழுந்தன. பெரிய கல் இல்லை, யாருக்கும் படவும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கல் விழுந்தாலும் மலை விழுந்த மாதிரிக் கேட்கும். சின்னவள் வீறிட்டாள். மூத்தவள் இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

நடுவிலாள் எனக்குக் கிட்ட நின்றாள். மதினி தூரத்தில். நான் கை நீட்டினால் நடுவிலாளைத் தொடலாம், அவ்வளவு கிட்ட. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் இடப்பக்கத்தைப் பார்த்தாள். வலப்பக்கத்தைப் பார்த்தாள். அவள் அழவில்லை, கூப்பிடவும் இல்லை. என்னில் இடமில்லை என்று கண்டுகொண்டாள். அது அவளுக்குப் புதிதான காட்சி அல்ல. சின்னவள் பிறந்த நாள் தொடக்கம் பார்த்த காட்சிதான்.

வா மகள் என்ற சொல் என் வாய்க்குள் வந்து நின்றது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் இழுத்ததாக ஆகிவிடும். அவளாக வர வேண்டும்.

அவள் திரும்பினாள். வழுக்குகிற கற்களின் மேலே விழுந்து எழும்பி ஓடினாள். மதினி அப்படியே தண்ணீருக்குள் குந்திவிட்டார், சேலை நனைய. இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார். "மாமீ" என்று ஒரு சத்தம் கேட்டது. பாறை அதையும் வாங்கித் திருப்பிச் சொன்னது.

வாப்பா ஓடி வந்தார். "யாருக்கும் பட்டுதா?"

"இல்ல."

"நடுவிலாள் எங்க?"

"மாமிட மடியில."

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சேவல்களை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு முன்னால் நடந்தார்.

மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். சந்தோஷப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"புள்ள, இது கணக்கில்ல கா."

"ஏன்?"

"உன்ட ரெண்டு பக்கமும் ஆள் இருந்திச்சி. அவ இடம் பாத்துத்தான் என்னட்ட வந்தா. நான் என்ட கண்ணால கண்டன்."

"சொன்னது சொன்னதுதான் மதினி."

"வீம்பு கதைக்காத. ஊட்டுக்குப் போய் ஆறுதலாக் கதைப்பம். நான் இதுக்குப் பொறகு ஒரு சொல்லும் கேக்க மாட்டன்."

மதினி தந்த அந்தச் சொல்லை அப்போதே ஏற்றிருக்கலாம் என்று என் பிள்ளைகளின் வாப்பா சாகும்வரை நினைத்தார். ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் அப்படி நினைக்கவில்லை. நான் ஒரு சொல்லைச் சொன்னேன், பிள்ளை அவளுடைய பக்கத்தைச் செய்தாள், மதினியும் நேர்மையாக நடந்தார். எனக்கு நோகிறது என்பதற்காக ஒரு சொல் சொல்லில்லாமல் போகுமா? மதினி இரக்கப்பட்டுத் திருப்பித் தருகிற பிள்ளையாக என் பிள்ளையை நான் வாங்குவதா?

"சியாறத்துக்குக் கிட்ட வந்துட்டம். உங்கட நேத்தியக் குடுங்க," என்றேன்.

சியாறம் என்றால் பெரிய கட்டிடம் ஒன்றும் இல்லை. பாறைக்குக் கீழே பச்சைத் துணி போர்த்தின ஒரு கபுறு. வாசலில் ஒரு கிழட்டு மரம், அதன் கொப்புகளில் எத்தனையோ பெண்கள் கட்டின தொட்டில் துணிகள், மழையிலும் வெயிலிலும் நிறம் போய்த் தொங்கின. லெப்பை ஒருவர் இருந்தார். பாத்திஹா ஓதி, சேவல் அறுத்து, சோறு ஆக்கினோம். மதினி கொண்டுவந்த புதுச் சேலையை லெப்பை மரத்தில் தொட்டிலாகக் கட்டினார்.

"புள்ளட உம்மா வாங்க. புள்ளைய நீங்கதான் தூக்கிக் கிடத்தணும்."

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மதினி என்னைப் பார்த்தார். நகரவில்லை.

"உம்மா யாரு?" லெப்பை இன்னொரு தரம் கேட்டார்.

"இவங்கதான்," என்று மதினியைக் காட்டினேன்.

நாலு வயதுப் பிள்ளைக்குத் துணித்தொட்டில் காணுமா? கிடத்தியபோது இரண்டு காலும் வெளியே தொங்கின. மூத்தவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நடுவிலாளும் சிரித்தாள். நான் அவளை இவ்வளவு சத்தமாகச் சிரிக்கக் கேட்டது குறைவு. தலையைத் தூக்கி, "உம்மா, ஆட்டுங்க!" என்றாள்.

"மாமி ஆட்டுவாங்க மகள்."

மதினி ஆட்டினார். கண்ணீர் அவருடைய நாடியில் வடிந்து சேலையில் விழுந்தது. அவருக்கு அத்தனை வருட நேத்தி. எனக்கு அவரில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கோபத்தையாவது பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். சேவல் கறியைச் சட்டியிலிருந்து அள்ளி, வந்திருந்த சனத்துக்குப் பங்கு வைத்துக் கொடுத்தேன். ஒருவருக்கும் குறையவில்லை.

திரும்பி வரும்போது மாவடிப்பள்ளிதான் முதலில் வரும், கல்முனைக்குடி பிறகு. எங்கள் வளவுக் கடப்படியில் மிசின் நின்றது. சின்னவளைத் தூக்கிக்கொண்டு நானும், மூத்தவளும் இறங்கினோம். வாப்பா படங்கைத் தூக்கிக் கீழே போட்டார், இரவுக்கு முன்னால் திரும்பவும் கட்ட வேண்டும். நடுவிலாள் மதினியின் மடியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் எறங்கல்லையா உம்மா?"

"நீ மாமியோட போ மகள்."

"எங்க?"

"உன்ட வீட்டுக்கு."

அவள் கூரையில்லாத சுவர்களைக் காட்டினாள். "நம்மட வீடு இதுதானே?"

"இது ராத்தாட வீடு." பொய் இல்லை. மூத்தவளுக்குத்தான் அந்த வீடு என்று எப்போதோ முடிவு. "உன்ட வீடு மாமிட ஊர்ல இரிக்கி. ஓட்டு வீடு."

அவள் யோசித்தாள். "அப்ப தங்கச்சிட வீடு?"

"அதுக்கு இன்னும் நாள் இரிக்கி."

"சரி," என்றாள். அவள் ஒன்றை இரண்டு தரம் கேட்கிற பிள்ளை இல்லை.

மிசின் போனது. பெட்டியின் பின்பலகைக்கு மேலாக அவளுடைய தலை தெரிந்தது. வைக்கோல் ஒட்டின தலை. நான் படங்கின் ஒரு மூலையைப் பிடித்தேன், மூத்தவளை மற்ற மூலையைப் பிடிக்கச் சொன்னேன். சாமான்களை உள்ளே எடுத்து வைத்தேன். வாப்பா மஃரிபு தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளிக் காலைக் கழுவினார். காலில் அவ்வளவு சேறு இருக்கவில்லை.

சில கிழமைகள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதினி அவளைக் கூட்டி வந்தார். புதுச் சட்டை, புதுச் செருப்பு, தலையில் ரிப்பன். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, நான் வா என்று சொல்லும்வரை நின்றாள், வந்த விருந்தாளி நிற்கிற மாதிரி. அப்படி நிற்க மதினி பழக்கியிருப்பார், நல்ல பழக்கம்தான். சின்னவளுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். ஈ மொய்த்தது. சூடு. சற்று நேரத்தில் மதினியின் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

"மாமி, நம்மட ஊட்டுக்கு எப்ப போற?"

மதினி பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"தேயிலை ஊத்திட்டன்," என்றேன். "குடிச்சிட்டுப் போங்க."

மதினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். படிப்பித்தார். வீட்டையும் வளவையும் அவள் பெயருக்கு எழுதினார். அவள் என்னை உம்மா என்றும் மதினியை மாமி என்றும்தான் கடைசிவரை கூப்பிட்டாள், அதை யாரும் மாற்றவில்லை. உம்மா என்கிற பெயர் எனக்கு இருந்தது. காய்ச்சல் வந்தால் தேடுவது அவரை. எண்பதுகளின் நடுவில் கலவரத்தால் பாதைகள் அடைபடுகிற நாட்கள் வந்தன. பக்கத்து ஊராக இருந்த கல்முனைக்குடி வெளிநாடு மாதிரி ஆனது. மாதக்கணக்கில் அவளைக் காணாமல் இருந்திருக்கிறேன்.

அந்தப் பத்து வருடம் முடிகிற நேரத்தில் மூத்தவளுக்குக் கலியாணம் வந்தது. வாப்பா கல்லுக் கல்லாகச் சேர்த்துத் தெற்குச் சுவரைக் கட்டி, கூரையும் போட்டிருந்தார். நடுவிலாள் மதினியோடு வந்தாள். என்னைவிட உயர்ந்துவிட்டாள். குசினிக்குள் வந்து, நான் சொல்லாமலே வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியாது. என்ன கதைக்கிறது என்றும் தெரியவில்லை. அவள்தான் கதைத்தாள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனார்களாம், மலையும் ஆறும் உள்ள இடமாம்.

"அதப் பாத்த உடன எனக்குச் சின்ன வயசுல போன ஒரு மலை ஞாபகம் வந்திச்சி உம்மா. ரெண்டு பக்கமும் பாறை. மேல இருந்து கல்லு உழுந்திச்சி. மாமி தண்ணிக்குள்ள இருந்து என்னத் தூக்கினாங்க. பொறகு மரத்துல தொட்டில் கட்டி ஆட்டினாங்க. வாப்பா மிசின் ஓட்டினது ஞாபகம். ராத்தா சிரிச்சது ஞாபகம்." வெங்காயக் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பயணம் நீங்களும் வந்தயளா உம்மா?"

"ஓம் மகள்," என்றேன். "நான் முன்னால நடந்தன்."

"அப்பிடியா," என்றாள். வெளியே மாப்பிள்ளை வீட்டார் வந்த சத்தம் கேட்டது. அவள் கத்தியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மாமிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.